நிழல் வேலை

கம்பெனியில் ஒரு சட்டம் இருந்தது. எழுதி ஒட்டிய சட்டமல்ல, மேஸ்திரியின் வாயில் இருந்த சட்டம். சூளையில் யாருடைய சரக்கு அதிகமாக அடுக்கப்பட்டிருக்கிறதோ, அவன்தான் செங்கல் வைத்து மூடிய வாசலின் மேல் கடைசியாக மண் பூசி அடைக்க வேண்டும். உள்ளே வேகும் சரக்கு வெடித்தாலும் கோணினாலும் பிறகு அடுத்தவன் மேல் பழிபோட முடியாதல்லவா, அதற்காக.

எங்கள் வீட்டிலும் ஒரு சட்டம் இருந்தது. மண் வனையும் எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் அது உண்டு. பெண்டாட்டி வயிற்றில் பிள்ளை இருக்கும்போது புருஷன் சூளை வாசலை அடைக்கக் கூடாது. அடைத்தால் வயிற்றில் இருப்பது வெளியே வர வழி தெரியாமல் தவிக்கும் என்பார்கள். இந்த இரண்டு சட்டங்களுக்கும் இடையில் அகப்பட்டு எட்டு வருஷம் நசுங்கினேன். நசுங்கியது நான் மட்டும் என்றால் இதை எழுத உட்கார்ந்திருக்க மாட்டேன்.

சுதந்திரம் வந்த மறுவருஷம் அந்தக் கம்பெனியில் சேர்ந்தேன். இரணியலுக்கு மேற்கே, தென்னந்தோப்புகளுக்கு நடுவில் இருந்தது. டீக்கடைக் கோப்பை, மலைத்தோட்டங்களில் ரப்பர் பால் பிடிக்கும் கிண்ணம், ஊறுகாய்ப் பரணி, எண்ணெய்ப் பரணி எல்லாம் அங்கே செய்தார்கள். மற்ற ஊர்க்காரர்கள் ஜாடி என்பதை நாங்கள் பரணி என்போம். கோப்பையும் கிண்ணமும் அச்சில் வார்ப்பவை. பரணி மட்டும் கையால் வனைவது. நான் பரணிக்காரன்.

வீட்டில் அப்பாவின் சக்கரம் நாம் சுற்றினால் சுற்றும், விட்டால் நிற்கும். கம்பெனியில் எண்ணெய் எஞ்சின் ஒன்று காலையில் தொடங்கிச் சாயங்காலம் வரைக்கும் இருமிக்கொண்டே கிடக்கும். அதிலிருந்து வரும் தோல் பெல்ட் சக்கரத்தைச் சுற்றும். சக்கரத்துக்குக் களைப்பு கிடையாது. மூத்திரம் பெய்ய எழுந்தாலும் அது சுற்றிக்கொண்டேதான் இருக்கும், எங்கே போனாய் என்று கேட்பதுபோல. ஒரு பரணியைப் போல இன்னொரு பரணி இருக்க வேண்டும், வயிறும் கழுத்தும் அளவுக் குச்சிக்கு ஒரு நூல் பிசகக் கூடாது. பிசகினால் மேஸ்திரி கையாலேயே நசுக்கி மண் குவியலில் எறிவார். அப்பா பார்த்திருந்தால் காறித் துப்பியிருப்பார். ஆனால் அப்பாவின் சட்டியை வாங்க அப்போது ஆளில்லை, கம்பெனிப் பரணிக்கு ஆளிருந்தது. வயிறு இருக்கிறவன் அதற்குமேல் என்ன யோசிப்பான்.

கல்யாணமாகி வந்தவளுக்குச் சொந்த ஊர் தோவாளை. அவளுடைய அண்ணன் அங்கே கொஞ்சம் இடத்தைக் குத்தகைக்கு எடுத்துப் பிச்சிப்பூ போட்டிருந்தான். பூவுக்குள் வளர்ந்தவளைக் கொண்டுவந்து மண்ணுக்குள் விட்டேன். கம்பெனியில் வேலைக்காரர்களுக்கு வரிசையாக ஓலை வேய்ந்த அறைகள் இருந்தன. லயம் என்போம். அதில் இடம் வேண்டுமென்றால் புருஷன் பெண்டாட்டி இருவரும் கம்பெனியில் உழைக்க வேண்டும். அவளுக்குக் கிடைத்தது சுமட்டு வேலை. குழியில் வெட்டிய வெள்ளை மண்ணைக் கூடையில் தலைச்சுமையாகத் தூக்கி வந்து கலக்குத் தொட்டியில் கொட்ட வேண்டும். சித்திரை வெயிலில் அந்த மண் கண்ணைக் குத்தும். சாயங்காலம் அவள் வரும்போது முகம், புருவம், தலைமுடி எல்லாம் வெளுத்திருக்கும். "கிழவியா ஆயிட்டியே பிள்ளே" என்று கேலி செய்வேன். "உங்களுக்குப் பொருத்தமா இருக்கட்டும்ணுதான்" என்பாள். அந்த நாட்களில் சிரித்திருக்கிறோம்.

முதல் பிள்ளை ஐந்தாம் மாதத்தில் போயிற்று. குழிக்கும் தொட்டிக்கும் நடுவில், வழியிலேயே உட்கார்ந்துவிட்டாள். அம்மா ஊரிலிருந்து வந்தாள். படுத்துக் கிடந்தவளைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை. என்னிடம்தான் முதலில் கேட்டாள்.

"ஏலே, சூளை வாசல அடச்சியா?"

அடைத்திருந்தேன். அந்த மாதம் சூளை முழுக்க என் பரணிதான்.

"அப்பம் பின்ன என்னத்துக்கு அழுக?" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

லயத்துப் பெண்கள் வேறு சொன்னார்கள். வயிற்றுப்பிள்ளைக்காரி சுமடு எடுத்தால் எப்படி நிற்கும் என்றார்கள். எனக்கு இரண்டும் சரியாகவே பட்டது. தப்பு என் கையிலும் அவள் தலையிலும் இருந்தது என்று நினைத்தேன். இரண்டையும் மாற்றிவிட்டால் தீர்ந்தது என்று நினைத்தேன்.

மறுபடி அவள் முழுகாமல் இருப்பது தெரிந்ததும் மேஸ்திரியிடம் போனேன். அவர் விளவங்கோட்டுப் பக்கத்துக்காரர். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். கம்பெனி எதைச் சொன்னாலும் அதைத் தன் சொந்த யோசனைபோல நினைக்கிறவர். வாசல் அடைக்க மாட்டேன் என்றதும் சிரித்தார்.

"ஓய், இது கம்பெனியாக்கும். உனக்க அப்பனுக்க சூளை ஒண்ணும் இல்ல."

காலில் விழுந்தேன். வெட்கப்படாமல் சொல்கிறேன், சக்கரத்து மண் ஒட்டிய கையோடு அவர் காலைப் பிடித்தேன். வேஷ்டியில் மண் ஒட்டியது. அதற்காகவே சம்மதித்தாரோ என்னவோ. சூளை எரியும்போதெல்லாம் நான் அடுப்புக்கு விறகு போட வேண்டும், அதற்குப் பதில் வேறு ஆள் வாசலைப் பூசுவான் என்று ஏற்பாடாயிற்று. போகிற போக்கில் இன்னொன்றையும் கேட்டேன். சுமடு வேண்டாம், அவளுக்கு நிழலில் ஒரு வேலை.

அவர் யோசித்தார். "கிளேசு முக்கிக்கிட்டிருந்தவன் போயிட்டான் பாத்துக்க. கையில வாதம். அந்த எடம் சும்மா கெடக்கு."

பரணிக்கு மேல் வரும் பளபளப்பைத்தான் கிளேஸ் என்பது. சிவப்புப் பொடி ஒன்று மூட்டையில் வரும். கொழும்புக் கப்பலில் வருகிறதென்பார்கள், எங்கிருந்து வந்ததோ. அது ஈயத்தைச் சுட்டு எடுத்த செந்தூரம் என்பது மட்டும் எங்களுக்குத் தெரியும். அதையும் வெள்ளைக்கல் மாவையும் தண்ணீரில் கரைத்துத் தொட்டியில் வைத்திருப்பார்கள். ஒருமுறை சுட்ட பரணியை அந்தக் குழம்பில் முக்கி எடுத்து, அடியைத் துடைத்து, பலகையில் காயவைக்க வேண்டும். மறுபடி சூளைக்குள் போய் வரும்போது பரணி தேன் நிறத்தில் மின்னும். அந்த வேலைக்கு ஓடு போட்ட தனிக் கொட்டகை. காற்று வரும், வெயில் வராது, உட்கார்ந்தே செய்யலாம். கம்பெனியிலேயே அதைவிடக் குளிர்ந்த இடம் கிடையாது.

"நிழலுக்க அருமை வெயிலில தெரியும்ணு சும்மாவா சொன்னாவ" என்றார் மேஸ்திரி. "ராசாத்தி வேலையாக்கும். போய்ச் சொல்லு."

நான் லயத்துக்கு ஓடியே போனேன். அவள் கேட்டதும் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு.

அந்த வேலையில் அவள் கை மணிக்கட்டு வரை சிவந்திருந்தது. மருதாணி மாதிரி இருக்கிறது என்று மற்றப் பெண்கள் பொறாமைப்பட்டார்கள். மத்தியானம் கஞ்சி குடிக்கும்போது அந்தக் கையைத் தொட்டித் தண்ணீரிலேயே அலசிக்கொள்வாள். நகக்கண்ணில் சிவப்பு போகாது. "பழங்கஞ்சி இனிக்கி" என்றாள் ஒருநாள். புளித்த கஞ்சி எப்படி இனிக்கும்? வாய் எப்போதும் இனித்துக்கொண்டே இருக்கிறது என்றாள். லயத்தில் ஒரு கிழவி கைதட்டிச் சொன்னாள், வாய் இனித்தால் ஆண்பிள்ளைதான் என்று. நான் அதை நம்பினேன். நம்புவதற்கு நல்ல செய்தியாக இருந்தது.

எட்டாம் மாதம் பிறந்தது. ஆண்பிள்ளைதான். அழவில்லை.

முகம் முழுசாக இருந்தது, நகம்கூட இருந்தது. தென்னந்தோப்பின் ஓரத்தில் குழி வெட்டினேன். மண் வெட்டுவது எனக்குப் புதிதல்ல, ஆனால் அன்றைக்கு மண்வெட்டி பிடிக்கத் தெரியவில்லை.

அம்மா வரும்முன்பே நான் என்னையே கேட்டுக்கொள்ள ஆரம்பித்திருந்தேன். வாசலை நான் அடைக்கவில்லை. ஆனால் பூசுகிறவனுக்கு மண் குழைத்துக் கொடுத்தேனே, அது ஆகாதோ? ஒருநாள் அடுப்புக்கு விறகு போட்டுவிட்டு வாசல் சுவரில் சாய்ந்து நின்றேனே, அதுவோ? அம்மாவும் அதையேதான் சொன்னாள். எங்கோ கை பட்டிருக்கும் என்றாள். பட்ட காலிலே படும், கெட்ட குடியே கெடும் என்றும் சேர்த்துச் சொன்னாள். அம்மாவுக்கு எதற்கும் ஒரு பழமொழி இருக்கும், ஆறுதல் மட்டும் இருக்காது.

நாகர்கோவிலுக்குப் போய் நாகராஜாவுக்கு நேர்ந்துகொண்டோம். அங்கே மண்ணைத்தான் பிரசாதமாகத் தருவார்கள். ஆயுசு முழுக்க மண்ணில் கிடக்கிற எனக்குச் சாமியும் மண்ணையே தந்தார். அதை மடியில் முடிந்துகொண்டு வந்து அவள் நெற்றியிலும் வயிற்றிலும் பூசினோம். பக்கத்து அறைப் பெண் அய்யாவழிக்காரி. அவள் தங்கள் கோயிலான பதியிலிருந்து நெற்றிக்கு இடும் திருநாமம் கொண்டுவந்து கொடுத்தாள். அதையும் பூசினோம். யார் எதைக் கொடுத்தாலும் பூசினோம்.

மூன்றாவது, நான்காம் மாதத்திலேயே போயிற்று. அப்போது அவளுக்கு ரத்தம் நிற்கவில்லை. மாட்டுவண்டியில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன். அங்கே ஒரு நர்ஸம்மா நல்ல மாதிரி. ரத்தமே இல்லை, முகம் சாம்பலாக இருக்கிறதே என்று அவளுடைய கண்ணைக் கீழே இழுத்துப் பார்த்தார்.

"வீட்டுல கனத்த வேலை ஏதாவது செய்யுதாளா?"

"இல்லம்மா" என்றேன். "நிழல்ல உக்காந்து செய்யிற வேலதான்."

என் குரலில் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. நர்ஸம்மா தலையாட்டிவிட்டு டானிக் எழுதிக் கொடுத்தார். வேறென்ன கேட்பார்? நான்தான் கேள்வியை மூடிவிட்டேனே.

அதற்குப் பிறகு நான் ஆளே மாறிவிட்டேன். சக்கரத்தில் நாள் முழுக்க வயிறு வயிறாக வனைந்துகொண்டிருந்தேன். கை உள்ளே போய் மண்ணை மெல்ல வெளியே தள்ளும், வயிறு உருண்டு வரும், கழுத்தைக் குறுக்கி அறுத்து இறக்குவேன், அடுத்தது. ஒன்றுகூட உடையவில்லை. சூளை திறக்கும்போதெல்லாம் என் சரக்கு முழுசாக வந்தது. மேஸ்திரி முதுகில் தட்டினார். குயவனுக்கு ஆறு மாதம், தடியடிக்காரனுக்கு அரை நாழிகை என்பார்கள். எனக்கு அந்தத் தடியடிக்காரனாகிவிடத் தோன்றியது. உள்ளே புகுந்து அத்தனை வயிற்றையும் அடித்து நொறுக்க வேண்டும்போல இருந்தது. பேசாமல் கூடையில் அடுக்கிக் கொடுத்தேன். கோழை என்று சொன்னால் சொல்லிக்கொள்ளுங்கள்.

அவளுக்கு அடிக்கடி வயிறு முறுக்கும். சுருண்டு கிடப்பாள். ஈறின் ஓரத்தில் கருநீலமாக ஒரு கோடு விழுந்திருந்தது. உமிக்கரியால் பல் தேய்ப்பதால் என்று நினைத்தோம். அம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, அத்தை மகள் ஒருத்தி இன்னும் கல்யாணமாகாமல் இருப்பதை நினைவுபடுத்தினாள். நான் கத்திய கத்தலில் லயம் முழுக்க எட்டிப் பார்த்தது. அதன் பிறகு அம்மா என் வீட்டுக்கு வரவில்லை.

அன்றைக்கு உள்ளே கேட்டுக்கொண்டிருந்தவள் பிறகு என்னிடம் சொன்னாள்:

"அவிய சொன்னதுல என்ன தப்பு? எனக்க வயிறு ஒரு சுடுகாடாக்கும்."

நான் அவளை அடித்ததே கிடையாது. அன்றைக்குக் கை ஓங்கினேன். ஓங்கிய கையை எங்கே வைப்பதென்று தெரியாமல் என் தலையிலேயே அடித்துக்கொண்டேன்.

நாலாவது முறை அவள் என்னிடம் சொல்லவே இல்லை. இடுப்புப் புடவையை இறக்கிக் கட்டியதைப் பார்த்து நானாகக் கண்டுபிடித்தேன். இருவரும் அதைப் பற்றிப் பேசவில்லை. பேசினால் அதற்குக் கேட்டுவிடும், கேட்டால் போய்விடும் என்ற பயம். நான் சூளை இருந்த பக்கமே போவதை விட்டேன். அதைச் சுற்றிக் கிணற்றடி வழியாகத்தான் சக்கரத்துக்குப் போவேன். விறகு போடவும் மாட்டேன் என்றேன். மேஸ்திரிக்குக் கோபம் வந்தது. "உனக்க பெண்டாட்டிக்க வயிறும் கம்பெனிக்க சூளையும் ஒண்ணா?" என்றார். எனக்கு அப்போது ஒன்றுதான்.

எங்களிடம் ஒரு வெள்ளாடு இருந்தது. அவளுடைய அண்ணன் கொடுத்தது. லயத்துக்குப் பின்னால் கட்டியிருந்தபோது இரண்டு ஈற்றிலும் இரட்டைக் குட்டி போட்டது. பிறகு அங்கே புதிதாக அறைகள் கட்டினார்கள். ஆட்டைக் கிளேஸ் கொட்டகைக்குப் பின்னால் கொண்டுபோய்க் கட்டினேன். அங்கே ஓடைக்கரையில் புல் நன்றாக இருந்தது, அவளும் வேலை செய்தபடியே பார்த்துக்கொள்ளலாம். தொட்டியும் பலகையும் கழுவிய தண்ணீர் அந்த ஓடையில்தான் போகும். கரைக்கல்லில் சிவப்பாகக் காய்ந்து படிந்திருக்கும். ஆடு புல்லை விட்டுவிட்டு அந்தக் கல்லை நக்கிக்கொண்டே நிற்கும். உப்புக்கு நக்குகிறது என்று நினைத்தேன்.

அங்கே கட்டிய பின் ஒருமுறை செத்த குட்டி போட்டது. கண்ணேறு என்றார்கள். இரண்டாவது முறை ஒரு மத்தியானம் நடந்தது. கொட்டகையிலிருந்து ஒரு பெண் ஓடிவந்து, உன் பெண்டாட்டி கூப்பிடுகிறாள் என்றாள். எனக்கு உயிர் போய்விட்டது. கையைக்கூடக் கழுவாமல் ஓடினேன். போகும்போதே, வாசலைத் தொடவில்லையே, இந்த முறை தொடவே இல்லையே என்று வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு ஓடினேன்.

அவள் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு ஒன்றுமில்லை. காலடியில் ரோமம் முளைக்காத இரண்டு குட்டிகள் கிடந்தன. ஆடு அவற்றைத் திரும்பியும் பார்க்காமல் கல்லை நக்கிக்கொண்டிருந்தது.

"நான் தொடல்ல பிள்ளே" என்றேன். "சூளைப் பக்கமே போகல்ல. சத்தியமாட்டு."

அவள் என்னைப் பார்த்தாள். பிறகு தன் சிவந்த விரலை வாயில் வைத்துச் சுவைத்துப் பார்த்தாள். குனிந்து, ஆடு நக்கிய கல்லை விரலால் தேய்த்து அதையும் நாக்கில் வைத்தாள். துப்பினாள்.

"ரெண்டும் ஒண்ணுபோல இனிக்கி" என்றாள். பிறகு கேட்டாள்:

"இந்த ஆட்டுக்கு எந்தச் சூளை வாசல அடச்சிய?"

நான் அங்கேயே உட்கார்ந்துவிட்டேன். அவள் குரலை உயர்த்தவில்லை. கோபமில்லை, அழுகையுமில்லை. கேள்வி மட்டும்தான். அந்தக் கேள்வியிலிருந்து ஒவ்வொன்றாக என் கண்ணுக்குத் தெரிந்தது. அவளுக்கு முன்னால் இந்தத் தொட்டியில் பரணி முக்கிக்கொண்டிருந்தவனின் கை, மணிக்கட்டிலிருந்து துணிபோலத் தொங்கியதே. மானேஜர் ஒருநாளும் கொட்டகைக்குள் கால் வைத்ததில்லையே, வாசலில் நின்று மூக்கில் கைக்குட்டையைப் பிடித்துக்கொண்டுதானே பேசுவார். நாற்றம் பிடிக்காமல் என்று நினைத்தோம். அந்தக் கொட்டகையில் நாற்றமே கிடையாது. இத்தனை வருஷமாக நான் ஒரு செங்கல் சுவரைப் பார்த்துப் பயந்துகொண்டிருந்தேன், அவளை இந்தத் தொட்டியின் பக்கத்தில் உட்கார வைத்துவிட்டு.

அன்றைக்கே மேஸ்திரியிடம் போய்ச் சொன்னேன். அவர் நம்பவில்லை என்று சொல்ல முடியாது. கேட்டதும் பார்வை ஒருதரம் கொட்டகைப் பக்கம் போய் வந்தது. பிறகு வழக்கமான மேஸ்திரி ஆகிவிட்டார்.

"ஆடு நக்கினதுக்குக் கம்பெனி என்ன செய்யும் ஓய்? அவளுக்கு வேண்டாம்ணா சுமட்டுக்குப் போகட்டு. இல்லேங்கி லயத்த ஒழிஞ்சு குடு. நெழலுக்கு எத்தன பேரு நிக்கியாவ தெரியுமா?"

அது உண்மைதான். மறுநாள் காலையிலேயே ஆள் வந்துவிட்டது. எனக்கு அடுத்த சக்கரத்தில் புதிதாகச் சேர்ந்திருந்த ஒருவனின் பெண்டாட்டி. தேங்காய்ப்பட்டணத்துப் பக்கம். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. சுமடு எடுத்துக்கொண்டிருந்தவள், அவளும் அப்போதுதான் முழுகாமல் இருந்தாள். அவனும் மேஸ்திரியின் காலைப் பிடித்திருப்பான். வேறெப்படிக் கிடைக்கும்?

நாங்கள் மூட்டை கட்டிக்கொண்டு கிளம்பினோம். கம்பெனி கழித்துக் கொடுத்த கோணல் பரணி ஒன்றில் அவள் நார்த்தங்காய் போட்டு வைத்திருந்தாள். அதை எடுக்க வேண்டாம் என்றாள். கிளம்பியவள் நேரே கொட்டகைக்குப் போனாள். நான் வெளியே நின்றேன். உள்ளே அந்தப் பெண் ஒரு பரணியைக் குழம்பில் முக்கிக்கொண்டிருந்தாள். கை அதற்குள் சிவந்துவிட்டிருந்தது.

என் மனைவி எல்லாவற்றையும் சொன்னாள். ஆட்டைச் சொன்னாள், கஞ்சி இனித்ததைச் சொன்னாள், மூன்று பிள்ளைகளையும் சொன்னாள். தன் வாயைத் திறந்து ஈறைக் காட்டினாள். அந்தப் பெண் பரணியைப் பலகையில் வைத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டாள். மரியாதையாகத்தான் பதில் சொன்னாள்.

"அக்கா, நீங்க மூணு பறிகுடுத்தது உங்களுக்க விதி. அதுக்கு எனக்க நெழல எதுக்குப் பறிக்கிய?"

"நெழலு வேண்டாம் மக்கா. வெயிலு கொல்லாது."

"உங்களுக்கு வேண்டாம்ணா போங்க. எனக்கு நேத்து சுமட்டுல கண்ணு இருட்டிப் போச்சு."

என் மனைவி அவள் கையைப் பிடித்து இழுக்கப் பார்த்தாள். அந்தப் பெண் உதறினாள், சிவப்புத் தண்ணீர் இருவர் மேலும் தெறித்தது. புருஷன்காரன் சக்கரத்திலிருந்து எழுந்து ஓடிவந்து எங்களை விரட்டினான். அவன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவன் இடத்தில் நான் இருந்திருந்தால், ஒருத்தி வந்து நிழல் கொல்லும் என்று சொல்லியிருந்தால், நானும் கல்லெடுத்திருப்பேன். ஆட்டை அவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நடந்தோம். திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தவள் அவள்தான்.

தோவாளையில் அவளுடைய அண்ணன் வீட்டை ஒட்டி இறக்கிய சாய்ப்பில் தங்கினோம். நான் விடியுமுன் பூ பறித்துக் கூடையில் சந்தைக்குச் சுமந்தேன். மண் பிசைந்த கை, பூவைப் பிடித்தால் நசுங்கியது. மச்சினன் திட்டினான், வாங்கிக்கொண்டேன். அவளை வெயிலில் உட்காரவைத்தேன், வேண்டுமென்றே. ஊர்க்காரர்கள் சிரித்தார்கள். மூன்று நான்கு மாதத்தில் அவள் வாயிலிருந்த இனிப்பு போய்விட்டது. கஞ்சி புளிக்கிறது என்று ஒருநாள் சொன்னாள். எனக்கு அழுகை வந்துவிட்டது.

எட்டாம் மாதம் வந்தது. அந்த மாதத்தை நான் எப்படிக் கழித்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. வயிற்றில் அசைவு இருக்கிறதா என்று கேட்கவும் பயம், கேட்காமல் இருக்கவும் பயம். எட்டு தாண்டியது. ஒன்பது முடியும்போது ஒரு பகலில் வலி கண்டது. பிரசவம் பார்க்கும் வயற்றாட்டியைக் கூட்டிவந்தேன். நம் ஜில்லா தமிழ்நாட்டோடு சேரப்போகிறது என்று தெருவில் அன்றைக்கு ஒரே பேச்சு. எவனோ என்னிடமும் மிட்டாயை நீட்டினான். வாங்காமல் உட்கார்ந்திருந்தேன்.

உள்ளே பிள்ளை அழுதது.

என் பிள்ளையின் அழுகையை முதல்முதலாகக் கேட்டேன். நன்றாக, முரட்டுத்தனமாக அழுதது. வயற்றாட்டி வெளியே வந்து பொம்பளப் பிள்ளை என்றாள். மச்சினன் என்னைக் கட்டிக்கொண்டான். கூப்பிட்டதும் உள்ளே போனேன்.

பிள்ளை அவள் மார்பில் கிடந்து கத்திக்கொண்டிருந்தது. அவள் அதன் முதுகில் கை வைத்திருந்தாள். நகக்கண்ணில் அந்தச் சிவப்பு இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஏதாவது சொல்லுவாள், சிரிப்பாள் என்று முகத்தைப் பார்த்தேன். அவள் கண்கள் ஓலைக்கூரையில் இருந்தன.

"கொட்டகையில இருக்க அந்தப் பிள்ளைக்கு இப்பம் எட்டு மாசம் இருக்கும்" என்றாள்.